புளி போட்டுத் துலக்கிய காசு

ஒரு செப்புக் காசை நான் கெடுத்தேன். கெடுத்த பழியைச் சுமக்க ஆள் வேண்டியிருந்தது; ஆகவே ஒரு மனிதரைக் கற்பனையில் படைத்து, அவருக்கு ராவ் என்று பெயரும் வைத்தேன். அந்த ராவின் பேச்சை நம்பி, என் மைத்துனன் சபாபதி தன் கண்களை நம்புவதை விட்டுவிட்டான்.

இதுதான் நான் செய்தது. இனி வருவதெல்லாம் விளக்கம். விளக்கம் எத்தனை மலிவான சரக்கு என்று என்னைப்போன்ற வக்கீலுக்கு நீங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆம், வக்கீல்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. கோர்ட்டுதான் அடிக்கடி கூப்பிடுவதில்லை. அந்த ஓய்வில் பழங்காசு சேர்க்கும் பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே நீல வெல்வெட்டின்மேல் என் காசுகள் புது மாப்பிள்ளைகளைப்போல் மினுங்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குத்துவிளக்கோடும் தாம்பாளத்தோடும் அவற்றுக்கும் புளிக் குளியல் உண்டு. வந்த கட்சிக்காரர் யாராவது "எல்லாம் தங்கமா சார்?" என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு ஃபீஸ் வாங்கின திருப்தி எனக்கு.

சபாபதி வேறு ஜாதிப் பைத்தியம். என் மனைவி மங்களத்தின் தம்பி; சிதம்பரத்தில், கீழவீதிப் பக்கம் குடியிருப்பு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கோடு கிழிக்க அவனுக்கு அடிக்கோல் தேவையில்லை. தூரத்தில் வருகிற மாட்டுவண்டியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவனுக்குக் காசு அழுக்காக இருக்கவேண்டும். பச்சைக் களிம்பு ஏறி, மண் ஒட்டி, எது தலை எது பூ என்று தெரியாமல் இருந்தால் குழந்தையைப்போல் ஏந்திக்கொள்வான்.

திருவதிகைப் பக்கம் கெடிலத்தில் வெள்ளம் வடிந்த பிறகு மணல் சலிக்கிறவர்கள் உண்டு. அப்படிச் சலித்த ஒருத்தியிடம் அவன் ஒரு பிடி செப்புக் காசு வாங்கினான். அதில் ஒன்றில்தான் எல்லா வினையும்.

ஒரு பக்கம் காளை. மறுபக்கம் பச்சை. அந்தப் பச்சைக்குள் மூன்று எழுத்துகள் இருப்பதாகச் சபாபதி சொன்னான். காலை வெயிலில், சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டுமாம். அது நம் நடுநாட்டுச் சிற்றரசன் ஒருவனுடைய பெயராம். அவன் தன் பெயரில் காசு அடித்தான் என்று அதுவரை யாரும் சொன்னதில்லையாம். காசைப் பெரிதாக்கி ஒரு படமும் வரைந்திருந்தான்.

நான் பார்த்தேன். சாய்த்தும் பார்த்தேன், நிமிர்த்தியும் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை.

சிதம்பரத்தில் அவனைப்போன்றவர்கள் ஞாயிறுதோறும் கூடிப் பழைய சங்கதிகள் பேசும் ஒரு சபை உண்டு. அங்கே படத்தைக் காட்டியிருக்கிறான். "டிராயிங் மாஸ்டர்தானே, இல்லாததையும் வரைவார்" என்று யாரோ சொல்ல, சபை சிரித்திருக்கிறது. அவனும்கூடச் சிரித்தானாம். ஆனால் அன்றிரவு சாப்பிடவில்லை என்று அவன் மனைவி பிறகு மங்களத்திடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஓர் அப்பீல் விஷயமாகப் பட்டணம் போகவேண்டியிருந்தது. சபாபதி காசைப் பஞ்சில் சுற்றி, ஒரு சின்ன டப்பியில் வைத்துக் கொடுத்தான்.

"மாமா, மியூசியத்துல இதுக்குன்னே ரசாயனம் படிச்சவங்க இருக்காங்களாம். அவுங்க கையிலதான் குடுக்கணும். வழியில தொடச்சிடாதீங்க."

"நான் எதுக்குப்பா தொடைக்கிறேன்?"

"ஒங்க அலமாரிய பாத்திருக்கேனே. அதுல இருக்கறதெல்லாம் காசு இல்ல மாமா, சட்டைப் பட்டன்."

மங்களம் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. "காசு என்றால் சுத்தமாக இருக்கவேண்டாமா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணக் கூடாது மாமா. பச்சை கல்லு மாதிரி கெட்டியா, வழவழன்னு இருந்தா காசு தூங்குதுன்னு அர்த்தம். எழுப்பக் கூடாது. அதே பச்சை வெளுத்துப்போயி மாவு மாதிரி உதிர ஆரம்பிச்சா அதுக்கு ஒடம்பு சரியில்ல. ஒடனே தெரிஞ்சவன்கிட்ட போயிடணும், இல்லன்னா தின்னுடும், பக்கத்துக் காசையும் சேத்து."

"இது தூங்குகிற காசுதானே? பின் ஏன் எழுப்புகிறாய்?"

"இது வேற. இதுல எழுத்து செம்புல இல்ல. செம்பு எப்பவோ கரைஞ்சிருச்சு. எழுத்து அந்தப் பச்சையிலதான் நிக்குது. மேல இருக்கற மண்ண மட்டும் எடுத்து, பச்சைய விடணும். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச கைதான் அதத் தொடணும்."

நன்றாகக் கவனியுங்கள். இவ்வளவும் எனக்குச் சொல்லப்பட்டது. தெரியாமல் செய்தேன் என்று வாதாட எனக்கு வழியே இல்லை.

அது ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான சித்திரை மாதம். "குண்டாவது ஒன்றாவது! நான் போய்த்தான் தீருவேன்" என்று சபாபதி வீட்டில் மார்தட்டினேன். மறுநாள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் கையில் பெட்டியோடு நின்றேன். பட்டணத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. ஜன்னல் வழியாக ஜனங்கள் இறங்கினார்கள். ஒரு குடும்பம் அம்மிக்கல்லோடு இறங்கிற்று.

பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "எங்க சார் போறீங்க?"

"பட்டணம்."

"அங்க யாரப் பாக்கப் போறீங்க? காக்காகூட கெளம்பிடுச்சு."

நான் பெட்டியோடு வீடு திரும்பினேன். அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்றால், குண்டு வராவிட்டாலும் எதுவோ வரத்தானே போகிறது? மங்களத்திடம், அப்பீல் ஒத்திப்போய்விட்டது என்றேன். பிறகு அது உண்மையாகவே ஒத்திப்போயிற்று. ஆகவே அது பொய்க்கணக்கில் சேராது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காசு என் பையில் இருந்தது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம். 'பயந்துவிட்டேன்' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்... அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருக்க எத்தனை ஆயிரம் சொற்கள் செலவழித்துவிட்டேன்!

அன்று வியாழக்கிழமை. மறுநாள் பூஜைக்காக மங்களம் கிணற்றடியில் விளக்குத் துலக்கிவிட்டுப் போயிருந்தாள். துவைகல்லின்மேல் புளி மிச்சம், சாம்பல் மிச்சம், தேங்காய் நார் மிச்சம். விளக்கு வெயிலில் காய்ந்துகொண்டு பொன்னாய்ச் சிரித்தது.

நான் என்ன நினைத்தேன்? இதை எனக்கே நான் பலமுறை கேட்டாயிற்று. உதவி செய்ய நினைத்தேனா? பட்டன் என்றானே, அதற்குப் பதில் சொல்ல நினைத்தேனா? விளக்கில் இருக்கிற அம்மனுக்கு ஆகிற புளி, காசில் இருக்கிற காளைக்கு ஆகாதா என்று நினைத்தேனா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம்... சரியான பங்கு இன்றும் தெரியவில்லை.

முதலில் விரலால் லேசாகத் தேய்த்தேன். மண் போயிற்று. ஈரத்தில் பச்சை கறுத்தது. அப்போது, அப்போதுதான், ஒரு வளைவு தெரிந்தது. ஒரு சுழி, அதை ஒட்டி ஒரு கால். எழுத்தா? கீறலா? சபாபதியின் படத்தை முன்பே பார்த்திருந்ததால் அப்படித் தோன்றியதா? இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று நாரை எடுத்தேன்.

அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைதான் தொடவேண்டும் என்றானே, அந்தக் கணம் அதுதான். அது வந்தது; நின்றது; என் நாருக்கடியில் போய்விட்டது.

கழுவிப் பார்த்தபோது காசு சிவப்பாகப் பளபளத்தது. காளையின் கொம்பும் போயிருந்தது. மறுபக்கம் வழுவழுவென்று, மொட்டை போட்ட தலை மாதிரி. துவைகல் இடுக்கில் பச்சைத் தண்ணீர் ஓடி வாழைப்பாத்திக்குள் இறங்கிற்று. ஒரு சிற்றரசன் எங்கள் வாழைக்கு உரமானான்.

சில நாள் கழித்து, பட்டணம் போவதாக மங்களத்திடம் சொல்லிக் கிளம்பி, ஒரு நாள் எங்கோ சுற்றிவிட்டுச் சிதம்பரம் போனேன். ஒரு சம்பவம் நடந்ததாகச் சொல்லவேண்டுமானால் அதற்குச் சாட்சி வேண்டும். பட்டணத்தில் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் ஒரு ராவ் இருப்பார் என்ற தைரியத்தில், மியூசியத்து ராவ் பிறந்தார்.

சபாபதி காசை ஜன்னலருகே கொண்டுபோனான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். புரட்டி மறுபக்கத்தையும் பார்த்தான்.

"பச்சைய முழுசா எடுத்துட்டாரா மாமா?"

இங்கேதான் நான் வெறும் மூடனாக இருந்தவன் குற்றவாளியானேன். 'ஆமாம், எடுத்துவிட்டார்' என்று சொல்லியிருந்தால் அவன் ராவைத் திட்டியிருப்பான். ராவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால், யாரிடம் கொடுத்தீர்கள், நான்தான் சொன்னேனே என்று என்னையும் கேட்பானே... அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தையே எடுத்து அவன்மேல் வீசினேன்.

"அடுக்கடுக்காகத்தான் எடுத்தார். ஒவ்வோர் அடுக்கிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுத்தே கிடையாது, களிம்பு தானாக விழுந்த கோடு என்றார். கடைசியில்தான் முழுக்க எடுத்தார்."

"அப்ப நான் பாத்தது?"

"கண் சில சமயம் ஆசைப்பட்டதைப் பார்க்கும்பா."

இந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாக அப்போது எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. வக்கீல் புத்தி!

சபாபதி காசை மறுபடி ஒருமுறை பார்த்தான். பிறகு கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டான். "நல்ல மனுஷன். ஒரு டிராயிங் மாஸ்டருக்காக இவ்ளோ மெனக்கெட்டிருக்காரே" என்றான்.

அடுத்து, மற்றக் காசுகள் இருந்த தகர டப்பாவைத் திறந்து காட்டினான். இரண்டில் வெளிர்பச்சையாய்ப் பொடி பூத்திருந்தது.

"இதுங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு தோணுது. என் கண்ணுக்குத் தோணுது. இப்ப என் கண்ண எப்படி நம்பறது? ராவ் சார் ஏதாவது சொன்னாரா மாமா?"

நான் சூடு கண்ட பூனை. இனி எந்தக் காசையும் யாரும் தொடக்கூடாது என்பதே அப்போது எனக்குத் தர்மமாகப் பட்டது. "எதையும் தொடவேண்டாம் என்றுதான் சொன்னார். பொடியோ பச்சையோ, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்."

தொடக்கூடாததைத் தொட்டேன், தொடவேண்டியதைத் தொடாதே என்றேன். ஒரே மனிதன் இரண்டு தப்பையும் இத்தனை சமர்த்தாகச் செய்வது கஷ்டம். எனக்கு ராவின் ஒத்தாசை இருந்தது.

புறப்படும்போது அவன் மனைவி ஒரு தூக்குப் பாத்திரம் கொண்டுவந்தாள். சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சு. எண்ணெய் மிதக்க, மூக்கைத் துளைக்கிற வாசனை.

"ராவ் சாருக்கு. பட்டணத்துக்கு யாராவது போனா குடுத்தனுப்புங்க மாமா. நாம வேற என்ன செய்ய முடியும்?" என்றான் சபாபதி.

கடலூரில் நானும் மங்களமும் அதைச் சாப்பிட்டோம். ராவ் கத்திரிக்காய் சாப்பிடமாட்டார் என்று அவளிடம் சொன்னேன். பொய்யால் ஒருவனுக்கு உயிர் கொடுத்தால், பத்தியமும் கொடுக்கவேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சபையில் சபாபதி எழுந்து நின்று, "எழுத்து காசுல இல்ல, என் கண்ணுலதான் இருந்துது. தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லிட்டாங்க" என்று சொன்னானாம். யாரும் சிரிக்கவில்லையாம். பிறகு அவன் அங்கே போகவில்லை.

பிறகு மூக்குக்கண்ணாடி மாற்றினான். மறுபடியும் மாற்றினான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கோடு போட்டுவிட்டு, "நேரா இருக்கா?" என்று பையன்களைக் கேட்டானாம். அவர்கள் வேண்டுமென்றே "கோணல் சார்" என்றிருக்கிறார்கள். அழித்து அழித்துப் போட்டிருக்கிறான். கடைசியில் டிராயிங்கை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து சாமான் அறைச் சாவியை வாங்கிக்கொண்டான். கோபுரத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தவன், கோபுரத்தைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டான்.

நான் இதையெல்லாம் மங்களம் வாயால் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொள்வேன்: ஒருவேளை எழுத்து இல்லாமலே இருந்திருக்கலாம். ஒருவேளை நான் சொன்ன பொய் தற்செயலாக உண்மையாக இருக்கலாம். அந்த வளைவு... அது கீறலாக இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்ற தலையணையில்தான் இத்தனை வருஷமாகப் படுத்துத் தூங்கினேன்.

சுதந்திரம் வந்தது. ஜப்பான்காரன் வராமலே போனான். அப்பீல்கூட முடிந்தது, தோற்றோம்.

நேற்றுக் காலை சபாபதி என் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் தகர டப்பா, மற்றதில் தூக்குப் பாத்திரம். தலை நரைத்துவிட்டது. மங்களம் காப்பி கொடுத்தாள். அவன் பழைய படத்தை மேஜைமேல் விரித்தான். அதே காளை, அதே மூன்று எழுத்து.

"மாமா, சேத்தியாத்தோப்புல ஒரு ரைஸ்மில்காரரு வெள்ளாத்துக் கரையில ஒரு காசு கண்டெடுத்திருக்காரு. பட்டணத்துக்கு அனுப்பிச் சரியா சுத்தம் பண்ணி வாங்கியிருக்காரு. பச்சைய அப்படியே விட்டு, மண்ண மட்டும் எடுத்திருக்காங்க. போயி பாத்தேன்."

"சரி..."

"இந்த எழுத்துதான். மூணும். இந்தச் சுழி, இந்தக் காலு, அப்படியே. பக்கத்துல என் படத்த வெச்சுப் பாத்தோம். மில்காரரு, நீங்க இந்தக் காச முன்னாடியே பாத்திருக்கீங்களான்னு கேக்கறாரு."

தலையணை போயிற்று.

சபாபதி என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை. குழப்பம் மட்டும்தான் இருந்தது.

"என் காசுல எழுத்து இல்ல. அத ராவ் சார் அடுக்கடுக்கா பாத்துட்டாரு, நீங்களும் பக்கத்துல இருந்தீங்க. அப்ப, என் காசுல இல்லாத எழுத்த நான் எப்படி மாமா சரியா படிச்சேன்?"

மங்களமும் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியல. சாமி காட்டிச்சுன்னு வீட்ல சொல்றா. சாமி காட்டறதா இருந்தா காசுலயே காட்டியிருக்கலாமே. இல்ல, எனக்கே புத்தி ஏதாவது... நீங்க படிச்சவரு. சொல்லுங்க."

சொல்லவேண்டிய வாக்கியம் வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. சொன்னால் இவனுக்குக் கண் திரும்ப வரும். வந்த கண்ணால் முதலில் என்னைத்தான் பார்ப்பான்... இத்தனை வருஷம் தன் கண்ணைவிட மேலாக நம்பிய மாமாவை. எதை அவனிடமிருந்து பிடுங்கினால் குறைந்த பாவம்? எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா?

"காலம் வந்தால் தானாகத் தெளியும்பா" என்றேன். கேட்டீர்களா? நடுத்தர வயது வக்கீல், நாலு புத்தகம் படித்தவன், சொன்னதைப் பாருங்கள்.

அவன் டப்பாவைத் திறந்தான். காசு என்று சொல்ல நாலைந்துதான் மிச்சம். மற்றதெல்லாம் வெளிர்பச்சை மாவு.

"ராவ் சார் தொடக் கூடாதுன்னாரு. நான் தொடவே இல்ல மாமா. நடுவுல ஒரு தடவ, இது சரியில்லன்னு மனசுக்குப் பட்டுது. என் மனசுதானேன்னு விட்டுட்டேன். மிச்சம் இருக்கறதையாவது அவருக்குக் காட்டணும். இந்தத் தடவ நானும் வரேன். அவரக் கண்ணால ஒரு தடவ பாத்துக் கும்பிடணும்."

ராவைக் கொன்றுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மாரடைப்பு, ஆறு மாதத்துக்கு முன்பு... சபாபதி அவருக்காகக் குளத்தில் தலை முழுகுவான். அதைப் பார்க்க என்னால் முடியாது. "அவர் யாரையும் பார்க்கமாட்டார்பா. நானே கொண்டுபோகிறேன்" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் எவ்ளோ செரமம், மாமா" என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலுக்குப் போனான். மொட்டைக் காசையும் என்னிடமே விட்டுப்போனான். "ஒங்க அலமாரியில வெச்சுக்குங்க. அங்கதான் அதுக்கு அழகு."

பட்டணத்து ரயில் நாளைக் காலை. நான் போவேன் என்று நினைக்கிறேன். அங்கே உண்மையாகவே ரசாயனம் தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் பெயர் ராவாக இராது. இதை ஏன் இத்தனை நாள் விட்டீர்கள் என்று கேட்பார். அவருக்கு என்ன சொல்வேன்? நீங்கள்தான் சொன்னீர்கள் என்றா?

பழங்காசை எப்போது நிபுணர் கையில் கொடுக்கவேண்டும் என்று உங்களில் காசு சேர்ப்பவர்கள் யோசித்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: அது என்னைப்போன்றவன் பைக்குள் வருவதற்கு முன்பு. மற்றபடி எனக்கு எதுவும் நிச்சயமில்லை.

இதை அவனிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சபாபதி இப்போதெல்லாம் ஒன்றும் படிப்பதில்லை. கண்ணை நம்பாதவன் எதைப் படிப்பான்? அந்தத் தைரியம்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மங்களம் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அந்த ராவுக்குன்னு குடுத்துட்டுப் போன கொத்சு நாளைக்குத் தாங்காது போலிருக்கே. அவருதான் கத்திரிக்காய் சாப்பிட மாட்டாருன்னீங்களே. போன தடவ மாதிரி நாமளே சாப்பிட்டுடலாமா?"

"சாப்பிடலாம்" என்றேன்.

இலை போட்டாள். உட்கார்ந்தேன். டப்பாவை மேஜைமேலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. அதன் மூடியில் என் விரல் பட்ட இடத்தில் பச்சை மாவு ஒட்டியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டேன். அவள் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. கொத்சு போன தடவையைவிட நன்றாக இருந்தது.